அறிவியல் தினத்துச் சூரியன்

ஒரகடத்தில் கார் பம்பர் செய்யும் அந்தத் தொழிற்சாலையில் இசக்கிசெல்விக்கு வேலை, புள்ளி பார்ப்பது. பெயின்ட் காய்ந்து வரும் ஒவ்வொரு வெள்ளை பம்பரையும் நாற்பது விநாடி உற்றுப் பார்க்க வேண்டும். கரும்புள்ளி இரண்டு வரை மன்னிப்பு உண்டு. மூன்றென்றால் ரிஜெக்ட்.

சங்கரன்கோவில் பக்கத்துக் கல்லூரியில் பி.எஸ்ஸி. இயற்பியல் முடித்தவள் அவள். அங்கே தொலைநோக்கி இருந்தது. கெட்டுப்போய்விடக் கூடாதென்று பீரோவில் பூட்டி வைத்திருந்தார்கள். ஆயுத பூஜையன்று மட்டும் வெளியே எடுத்துச் சந்தனமும் குங்குமமும் வைப்பார்கள். மூன்று வருடமும் பொட்டு வைத்தது அவள்தான். ஆனால் அதன் வழியாக எதையும் பார்க்க விட்டதில்லை. சூரியப் புள்ளிகள் பற்றிய பத்து மதிப்பெண் கேள்விக்குப் பத்தும் வாங்கியவள், ஒரு புள்ளியையும் கண்ணால் கண்டதில்லை.

அறிவியல் தினத்துக்குத் தொலைநோக்கி வருகிறது, ஊழியர்களுக்குச் சூரியனைக் காட்டப்போகிறார்கள் என்று நோட்டீஸ் போர்டில் படித்ததிலிருந்து அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. சூரியன் இப்போது கொந்தளிப்பான பருவத்தில் இருக்கிறது, பூமியைவிடப் பெரிய புள்ளிகள் தெரிகின்றன என்று தினமும் போனில் செய்தி படித்தாள். குன்றத்தூரில் உடன் தங்கியிருந்த பெண்கள், மாப்பிள்ளை போட்டோவைக்கூட யாரும் இப்படிப் பார்த்ததில்லை என்றார்கள்.

விழா நாளில் பிளான்ட் ஹெட் சாப்பாட்டு இடைவேளையின் பாதியைப் பேசியே தீர்த்தார். கருந்துளை, ஈர்ப்பலை எல்லாம் சொல்லிவிட்டு, சூரியக் குடும்பத்துக்கு வெளியிலிருந்து வந்த வால்நட்சத்திரம் எத்தனை லட்சம் வருடமாக ஒரு நாள்கூட லீவு போடாமல் ஓடுகிறது என்று கேட்டார். பிறகு, சூரியனைப் பார்ப்பதற்கான வடிகட்டி மாட்டியிருந்த தொலைநோக்கியில் முதல் ஆளாகக் குனிந்தார். போட்டோக்காரனைப் பார்த்துச் சிரிக்கும் அவசரத்தில், லென்ஸில் வைத்த கண்ணை மூடிக்கொண்டார். கிளாரிட்டி பிரமாதம் என்றார். எல்லோரும் கைதட்டினார்கள்.

அடுத்து மேனேஜர்கள். அப்புறம் நீலச் சட்டை போட்ட நிரந்தரத் தொழிலாளர்கள். கடைசியில் சாம்பல் சட்டை கான்ட்ராக்ட் ஆட்கள். செல்விக்கு முன்னால் இரண்டே பேர் இருந்தபோது தரப் பிரிவுத் தலைவர் புருஷோத்தமன் வந்தார். மேனேஜர்கள் வரிசையில் வரவேண்டியவர், போனில் இருந்துவிட்டதால் தாமதம். நேராகப் போய்க் குனிந்தார்.

அன்றைக்கு உண்மையிலேயே உற்றுப் பார்த்த ஒரே அதிகாரி அவர்தான். அதுதான் வினையாகிவிட்டது.

"லென்ஸ்ல மூணு டாட் கீது" என்று நிமிர்ந்தார். "ரெண்டுன்னா வுட்டிருப்பேன்."

தொலைநோக்கியைக் கொண்டுவந்திருந்த அறிவியல் மன்றத்துக் கலைமதி, அவை சூரியனில் இருப்பவை என்று விளக்கினாள். புருஷோத்தமன் பொறுமையாகச் சிரித்தார். இருபது வருட சர்வீஸில் எந்த சப்ளையரும் தன் பொருளில் குறை என்று ஒப்புக்கொண்டு அவர் பார்த்ததில்லையாம்.

செல்வியால் சும்மா நிற்க முடியவில்லை. வரிசையை விட்டு முன்னால் வந்தாள்.

"சார், அது சூரியன்ல உள்ள புள்ளிதான் சார். நான் அதைத்தான் படிச்சிருக்கேன்."

"இன்னாம்மா, சூரியனுக்கே ரிஜெக்ஷன் போடச் சொல்றியா?"

நீலச் சட்டைகள் சிரித்தன. சாம்பல் சட்டைகளும் கொஞ்சம் சிரித்துவைத்தன. தொலைநோக்கியின் கழுத்தில் சிவப்பு டேக் ஏறியது. அந்த டேக் கட்டிய பொருளை, ஐந்து பேர் கையெழுத்துப் போடும்வரை யாரும் தொடக் கூடாது. கையெழுத்துக்கான மீட்டிங் நாலு மணிக்கு. செல்வியின் ஷிப்ட் பஸ் மூன்றரைக்கே கிளம்பிவிடும்.

வரிசை கலைந்தது. அதே லைனில் வேலை பார்க்கும் வல்லக்கோட்டை அம்சவல்லி அவள் தோளைத் தட்டினாள்.

"வுடு செல்வி. சூரியன் இன்னா ஓடியா பூடும்?"

"ஓடிரும்க்கா. அதுவும் சுத்துதுல்லா. அடுத்த வாரம் இந்தப் புள்ளி அந்தப் பக்கம் போயிரும். திரும்பி வாறதுக்குள்ள அழிஞ்சாலும் அழிஞ்சிரும்."

லைனுக்குப் போகும் வழியில் லோடிங் ஷெட். மூன்று மாடி உயரத் தகரக் கூரையில் ஆணி கழன்ற ஓட்டை வழியாக வெயில் இறங்கி, இருட்டுத் தரையில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வட்டம் விழுந்திருந்தது. செல்வி நின்றாள். சின்ன ஓட்டை வழியாக வந்து தூரத்தில் விழும் வெளிச்சம், சூரியனின் படமேதான்.

சட்டைப் பையிலிருந்து செக் ஷீட்டை எடுத்து, எழுதாத பக்கத்தை வெளிச்சத்தில் பிடித்தாள். வட்டத்தின் வலது ஓரத்தில் கடுகிலும் சிறிதாக மங்கிய சாம்பல் நிறத்தில் ஏதோ தெரிந்தது. தாளில் அழுக்காக இருக்கலாம். பம்பரில் சந்தேகம் வந்தால் செய்வதைப்போலத் தாளை மெல்ல இடப்பக்கம் நகர்த்தினாள். அழுக்கென்றால் தாளோடு போகும்.

போகவில்லை. வெளிச்சத்திலேயே இருந்தது.

அம்சவல்லி எட்டிப் பார்த்தாள். "ஈ எச்சமாட்டம் கீது. இதுக்கா இம்மாம் பாடு?"

"ஆமாக்கா."

லைன் மணி அடித்தது. வட்டம் மெல்லத் தாளின் ஓரத்துக்கு நகர்ந்தது. செல்வி தாளையும் அதன் பின்னாலேயே நகர்த்திக்கொண்டிருந்தாள்.

"மத்த ரெண்டும் தெரிஞ்சா நல்லாருக்கும்க்கா" என்றாள், தலை நிமிராமல்.