எழுபத்தெட்டாம் நிமிடம்

பிரீசர் பெட்டியின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு அதே ஓட்டையில் யாரோ ஒரு மகானுபாவன் தன் மொபைலுக்குச் சார்ஜ் போட்டிருந்தான். ஸ்மிதாதான் முதலில் பார்த்தாள். கண்ணாடிக்குள் அப்பா கிடக்கிறார். பெட்டியில் விளக்கும் இல்லை, உறுமலும் இல்லை. சுற்றி இருபது பேர் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, நேற்றைய பெனால்டியை வலது காலால் அடித்திருக்க வேண்டுமா இடது காலால் அடித்திருக்க வேண்டுமா என்று அலசிக்கொண்டிருக்கிறார்கள். அவள் சார்ஜரை வெடுக்கென்று உருவி மொபைலோடு சேர்த்து மூலையில் வீசினாள். பிளக்கைத் திரும்பச் சொருகினாள்.

"யாருக்க போன் இது? உங்களுக்கெல்லாம் மனுஷக் குணமே கிடையாதா?"

கொஞ்ச நேரம் கழித்து அவள் கணவன் சுதீஷ் தலையைக் குனிந்துகொண்டு வந்து, மூலையில் கிடந்த போனை எடுத்துச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு வெளியே போனான். நல்ல மாப்பிள்ளை.

செத்துப்போனவர் ஆறுமுகசாமி. ஸ்டேட் பஸ்ஸில் இருபத்தெட்டு வருஷம் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்ற மனிதர். ஆனால் காலையிலிருந்து வந்தவர்களில் அவரைப் பற்றி விசாரித்தவர்களை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம். மற்றவர்களுக்கெல்லாம் ஒரே கேள்விதான். பிபின் எங்கே வந்துகொண்டிருக்கிறான்? கொல்லம் தாண்டிவிட்டானா? சனிக்கிழமை ஆடுவானா?

பிபின், ஸ்மிதாவின் தம்பி. இருபத்திரண்டு வயது. திருவனந்தபுரம் கிளப்பின் ஃபார்வேர்டு. கோல் அடிப்பதற்கென்றே சம்பளம் வாங்குகிறவன். போன சீசனில் ஒன்பது அடித்தான். அன்றைக்குக் கரமனைப் பாலத்தில் சித்தப்பா வைத்த ஃப்ளெக்ஸ் போர்டில் அவன் ஒரு மாடி உயரத்துக்கு நின்றான். இந்த சீசனில் பத்து ஆட்டம் முடிந்தும் ஒன்றுகூட விழவில்லை. அம்மா பழவங்காடிப் பிள்ளையாருக்கு உடைத்த தேங்காய்க்குக் கணக்கே இல்லை. பால்காரன், பேப்பர்காரன், பல் டாக்டர் எல்லோருமே அவனுக்கு ஆட்டம் சொல்லிக் கொடுத்தார்கள். நேற்று சாயங்காலம் கண்ணூரில் பதினோராவது ஆட்டம். எழுபத்தெட்டாம் நிமிடத்தில் பெனால்டி கிடைத்தது. பிபின் அடித்தான். பந்து கம்பத்துக்கு மேலே பறந்து கூட்டத்துக்குள் போய் விழுந்தது. ஏறக்குறைய அதே நேரத்தில் இங்கே கரமனை வீட்டில், டிவிக்கு முன்னால் நாற்காலியில் இருந்தபடியே ஆறுமுகசாமியின் உயிர் போனது.

இரண்டையும் முடிச்சுப் போட்டது சித்தப்பா. தெருமுனை வாசகசாலையில் பெரிய திரையில் ஆட்டம் பார்த்துக்கொண்டிருந்தவர், ஸ்மிதா போட்ட கூச்சல் கேட்டு ஓடிவந்தார். கூடவே முப்பது பேர்.

"அண்ணன் என்ன செய்துட்டு இருந்தான்?"

"டிவி பாத்துட்டு இருந்தாங்க."

"பெனால்டியைப் பாத்தானா? ஐயோ, அதைப் பாத்தானா?"

அப்பாவின் தலை அவள் மடியில் இருந்தது. என்ன கேட்கிறார் என்றுகூட அவள் காதில் விழவில்லை. தலையை ஆட்டினாள். அந்த ஒரு ஆட்டுதான் எல்லாவற்றையும் கெடுத்தது. டாக்டர் வந்து போவதற்குள் தெரு முழுக்கப் பரவிவிட்டது. விடிவதற்குள் ஏதோ ஒரு மலையாள நியூஸ் தளத்தில், மகன் பெனால்டியைத் தவறவிட்டதைக் கண்ட தந்தை மாரடைப்பில் மரணம் என்று இருவர் படத்தோடும் வந்துவிட்டது. காலையில் அப்பாவின் அக்கா வடிவு அத்தை அதை ஒப்பாரியில் ஏற்றிப் பாடவே ஆரம்பித்துவிட்டாள். வடிவு அத்தைக்கு மெட்டுக் கட்டிக் கொடுக்க யாரும் வேண்டாம்.

"பந்து உள்ள போகலையே... என் கூடப்பொறந்தான் உசுரு வெளிய போச்சே..."

அத்தனையும் பொய். எழுபத்தெட்டாம் நிமிடத்தில் அந்த டிவியில் ஃபுட்பாலே ஓடவில்லை; ஓடியதையும் ஆட்கள் வருமுன்னே ஸ்மிதா அணைத்துவிட்டாள். அப்பா பெனால்டியையும் பார்க்கவில்லை, ஒன்றையும் பார்க்கவில்லை. அது தெரிந்தவள் உலகத்தில் அவள் ஒருத்திதான்.

சொல்லிவிட வேண்டியதுதானே? சொல்லத்தான் பார்த்தாள். விடியற்காலையில் அம்மாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்து, "அம்மை, நேத்து அப்பா..." என்று தொடங்கினாள். அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் கோயில்ல நின்னுட்டேன் மோளே. கூட இருக்கக் குடுத்து வைக்கல. ஆனா கடைசி மூச்சு வரைக்கும் பெத்த பிள்ளை முகத்தைப் பாத்துட்டுப் போயிருக்காங்களே. எனக்கு அது போதும்."

அதற்கு மேல் எந்த வாயால் சொல்வது? சித்தப்பாவிடம் ஆரம்பித்தபோது அவர், "இரு, இரு, கிளப்பு மேனேஜர் விளிக்கான்" என்று போனைக் காதில் வைத்துக்கொண்டு போய்விட்டார். போதாக்குறைக்கு அப்பா வேறு அவளிடம் சத்தியம் வாங்கியிருந்தார். யாரிட்டேயும் சொல்லிராதே மோளே, பிள்ளை கேட்டா மனசு விட்டுப்போவும் என்று.

சொன்னால் அவன் மனசு விட்டுப்போகும். சொல்லாவிட்டால், இனி ஆயுசுக்கும் பந்தை வைக்கிற ஒவ்வொரு இடத்திலும் அவன் அப்பனின் பிணத்தையும் சேர்த்தல்லவா வைப்பான்? ஸ்மிதா உட்கார்ந்தாள், எழுந்தாள், அடுக்களைக்குப் போனாள், போன காரியம் மறந்து திரும்பி வந்தாள். வெளியே கார்ச் சத்தம் கேட்கும்போதெல்லாம் வாசலை எட்டிப் பார்த்தாள்.

ஒன்பது மணிக்குக் கிளப்பின் கார் வந்தது. ராத்திரி முழுக்க ஓடிவந்த கார். பிபின் அதே டீம் டிராக்சூட்டில் இறங்கினான். கண் இரண்டும் வீங்கியிருந்தன. செருப்பைக் கழற்றுவதற்குள் சித்தப்பா பாய்ந்து கட்டிப்பிடித்துக்கொண்டார்.

"மக்கா, நீ தளரப்பிடாது கேட்டியா. சனிக்கிழமை நம்ம ஸ்டேடியத்துல ஒண்ணு போட்டு அண்ணனுக்குச் சமர்ப்பிக்கணும். பதினாறு நாளும் வீட்டுக்குள்ள இருக்கணும்னு ஒண்ணும் இல்ல. நான் விசாரிச்சாச்சு. சாம்பல் கரைச்சதோட நீ போலாம். ஃப்ளெக்ஸுக்கும் சொல்லியாச்சு. 'அப்பாவுக்காக'ன்னு ஒத்த வார்த்தை. போதும்லா?"

"ஆடுறேன் சித்தப்பா" என்றான் பிபின். "அடிக்கேன்."

சொன்ன குரல் அவனுடையதே அல்ல. யாரோ எழுதிக் கொடுத்ததை வாசிக்கிறவன் குரல். ஸ்மிதாவுக்குச் சித்தப்பாவின் கழுத்தைப் பிடித்து நெரிக்கலாம் போல வந்தது.

கூட்டம் விலகி வழிவிட்டது. அவன் பெட்டி அருகே போய், அப்பா முகத்துக்கு நேரே கண்ணாடியில் உள்ளங்கையை வைத்தான். அழுவான் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். அவன் அழவில்லை. "அப்பா, க்ஷமிக்கணும்" என்றான். மன்னிப்பு. வாசலில் நின்றவர்களில் நாலைந்து பேர் அதையும் போனில் படம் பிடித்தார்கள். வடிவு அத்தை மார்பில் அடித்துக்கொண்டு பந்தைப் பாட ஆரம்பித்தாள்.

"நீர்மாலைக்கு நேரமாச்சு" என்று யாரோ நல்ல வேளையாகக் குரல் கொடுத்தார்கள்.

அப்பாவைக் குளிப்பாட்டத் தண்ணீர் எடுக்கும் சடங்கு அது. மகனும் மகளும் முதலில் தாங்கள் குளித்துவிட்டு, ஈரத்தோடு குடம் தூக்கி வர வேண்டும். ஸ்மிதா தம்பியின் கையைப் பிடித்துப் பின்கட்டுக் கிணற்றடிக்கு இழுத்துக்கொண்டு போனாள். பின்னாலேயே ஏழெட்டுப் பேர் வந்தார்கள்.

"குளிக்கிற இடத்துல என்னவே வேலை உங்களுக்கு? இங்கேயும் ஆட்டம் நடக்குன்னு நெனச்சேளா? போங்க."

போனார்கள். அவள் கதவைச் சாத்தினாள். பிபின் துண்டைக் கட்டிக்கொண்டு துணி துவைக்கும் கல்லில் உட்கார்ந்தான். அவள் வாளியைக் கிணற்றுக்குள் விட்டாள்.

"அக்கா, ஒண்ணு கேக்கட்டா? சத்யம் பறயணும்."

"கேளு."

"நான் அடிச்சிட்டு ரெண்டு கையாலயும் முகத்தைப் பொத்தினேன். டிவில அதையே திருப்பித் திருப்பிக் காட்டினானுவளாம். அதையும் அப்பா பாத்தாங்களா? இல்ல, பந்து மேல போனப்பவே..."

கயிறு அவள் கையில் நின்றது. அம்மாவின் முகம் நினைவுக்கு வந்தது, அப்பாவுக்குச் செய்த சத்தியமும். எல்லாம் எக்கேடோ கெட்டுப் போகட்டும் என்று நினைத்தாள்.

"அப்பா பாக்கலடா."

"சும்மா சமாதானத்துக்குச் சொல்லாதே."

"நேத்து மட்டும் இல்ல. ரெண்டு வருஷமா உனக்க ஆட்டம் ஒண்ணையும் அப்பா பாத்தது கிடையாது. யாரும் இல்லாத நேரம்னா விசில் அடிச்ச உடனே சேனலை மாத்தச் சொல்லுவாங்க. ஆளு இருந்தா கக்கூஸுக்குப் போயிருவாங்க. நீ கேட்டதில்லையா அம்மை திட்டுறது, மேட்ச் தொடங்கினா இந்த மனுஷனுக்கு வயித்தால போகும்னு?"

பிபின் அண்ணாந்து பார்த்தான்.

"பொய். ஒவ்வொரு மேட்ச் கழிஞ்சும் காலைல விளிப்பாங்களே. அந்த ரெண்டாவது பாஸ் நல்லாருந்துது மக்கா, கார்னர்ல நீ நின்ன இடம் ஷரியில்லன்னு எல்லாம் சொல்லுவாங்களே?"

"நான் ஹைலைட்ஸ் பாத்துச் சொல்லிக் குடுத்தது. டீக்கடையிலயும் அதையேதான் அளந்துவிடுவாங்க."

அவன் முகம் சுருங்கியது. அவள் பயந்தது இதைத்தான்.

"என்னைப் பாக்க அவ்வளவு மோசமாவா இருந்துது?"

"போடா மடையா!" ஸ்மிதா வாளியைக் கல்லில் ணங்கென்று வைத்தாள். "முதல் சீசன்ல ஒருக்கா ஸ்டேடியத்துக்கு வந்தாங்கல்லா. நீ ஒண்ணை வெளிய அடிச்சே. பின்னால இருந்தவனுவ எல்லாம் உன்னையும் உன்னைப் பெத்தவளையும் சேத்துப் பச்சத்தெறி விளிச்சானுவ. வீட்டுக்கு வந்து ரெண்டு நாள் காய்ச்சல்ல கிடந்தாங்க. இருபத்தெட்டு வருஷம் பஸ்ஸுல எத்தனை பேர்ட்ட ஏச்சு வாங்கின மனுஷன்! துடைச்சிப் போட்டுட்டுத் தூங்குவாங்க. உன்னை ஏசினதைத் தாங்க முடியல. பந்து உன் காலுக்கு வந்தா அப்பாவுக்குப் பேடி, அப்பிடி ஒரு பயம். மறுநாள் கேக்கிற மொதக் கேள்வி கோலைப் பத்தி இல்ல. பிள்ளைக்கு அடி ஒண்ணும் படலியேன்னுதான்."

அவன் வாளித் தண்ணீரில் கையை விட்டு எடுத்தான்.

"அப்ப நேத்து என்ன பாத்துட்டு இருந்தாங்க?"

"காமெடி."

"எந்தக் காமெடி?"

"பழைய படம். ஒருத்தன் சட்டைக்குள்ள கோழியை ஒளிச்சு வெச்சிட்டு பஸ்ஸுல ஏறுவான். கண்டக்டர் பக்கத்துல வரும்போதெல்லாம் அது கத்தும். அப்பா விழுந்து விழுந்து சிரிச்சாங்க. அம்மை இல்லாத தைரியத்துல ரெண்டு பழம்பொரி தின்னாச்சு, மூணாவது கையில. இதெல்லாம் என்ன மோளே, போனக்காடு போற வண்டியில ஒருத்தன் சேவலோட ஏறி எனக்குக் காட்டின கூத்து இருக்கேன்னு தொடங்கினாங்க."

"பின்னே?"

"லே, இதுக்கும் டிக்கெட் எடுன்னு நான் சொல்லுகேன், அந்தப் பய என்னைப் பாத்துச் சொல்லுகான்... அவ்வளவுதான். அதோட நின்னுட்டு."

"அவன் என்ன சொன்னான்?"

"எவன்?"

"சேவல்காரன்."

"எனக்கெப்படித் தெரியும்? அப்பா சொல்லலியே."

பிபின் அவளையே பார்த்தான். உதடு கோணியது. மூக்கு விடைத்தது. பிறகு அவனிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. சிரிப்புதான். கல்லில் குனிந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தான். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. "சேவலுக்கு டிக்கெட்" என்றான், மறுபடி சிரித்தான். ஸ்மிதாவும் சிரித்துவிட்டு, உடனே சேலைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டாள். சத்தம் கேட்டு முன்அறையில் வடிவு அத்தையின் குரல் உச்சத்துக்குப் போயிற்று. பிள்ளை உடைஞ்சு போனானே என்று பெண்கள் எல்லோரும் சேர்ந்து அழுதார்கள்.

"அம்மைக்குத் தெரிய வேண்டாம்" என்றான் பிபின், மூச்சு வாங்க.

கதவைத் தள்ளிக்கொண்டு சித்தப்பா தலையை நீட்டினார். ஒரு கையில் போன்.

"அழு மக்கா, நல்லா அழுது தீத்துரு. மேனேஜர்தான் லைன்ல இருக்காரு. சனிக்கிழமைக்கு என்ன சொல்லட்டு?"

பிபின் புறங்கையால் முகத்தைத் துடைத்தான்.

"வேற ஆளைப் போடச் சொல்லுங்க சித்தப்பா."

"என்ன மக்கா இது? ஊரே..."

"பதினாறு கழியட்டும். அதுவரைக்கும் நான் இங்கதான் இருப்பேன்."

சித்தப்பா போனைப் பொத்திப் பிடித்துக்கொண்டு அவனையும் ஸ்மிதாவையும் மாறி மாறிப் பார்த்தார். ஸ்மிதா அவரைக் கவனிக்கவில்லை. வாளியைத் தூக்கித் தம்பியின் தலையில் மெதுவாகச் சரித்தாள். அவன் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"இன்னும் ஒண்ணு ஊத்துக்கா" என்றான்.