பத்தொன்பது மணி நேரம் மீதம்

மாலை ஐந்து மணிக்குக் கல் குவாரி மேனேஜர் வாசலில் வந்து நிற்பார். அவர் கையில் கறுப்பு டிஸ்க்கைக் கொடுத்தாக வேண்டும். குவாரிக்கு மேலே டிரோன் பறக்கவிட்டு எடுத்த ஒன்பதாயிரம் படங்களும் அதில் இருக்க வேண்டும். இருந்தால் வருஷம் முழுக்க அந்தக் குவாரியின் வேலை அவனுக்கு. இல்லையென்றால் வேறொருத்தனுக்கு. இப்போது மணி பகல் ஒன்று. லேப்டாப் திரையோ, 'பத்தொன்பது மணி நேரம் மீதம்' என்று கூச்சமே இல்லாமல் காட்டிக்கொண்டிருந்தது.

படங்களெல்லாம் கீழே, அக்கா வீட்டுக் கூடத்தில் இருக்கும் சேமிப்புப் பெட்டியில் இருந்தன. பக்கத்திலேயே வைஃபை பெட்டி. கறுப்பு டிஸ்க்கை அதில் செருகிவிட்டு, மாடியறைக்கு வந்து கட்டிலில் சாய்ந்தபடி லேப்டாப் வழியாகச் சேமிப்புப் பெட்டியிலிருந்து டிஸ்க்குக்குப் படங்களை இழுத்துவிட்டிருந்தான். எப்போதும் அவன் வேலை செய்கிற முறை அதுதான். இதுவரை எல்லாம் சின்ன வேலைகள், தாமதம் உறைத்ததில்லை. படியிறங்கினால் மச்சான் முகத்தில் விழிக்க வேண்டும், அதற்கு மாடியே மேல்.

மச்சான் லிஃப்ட் மெக்கானிக். வேலைக்குப் போகாத நாளில் போனும் கையுமாக இருப்பார். அன்றைக்கும் வீட்டில்தான் இருந்தார். போன வாரம் சொந்தக்காரர்கள் பத்துப் பேர் நடுவில், "நம்ம மாப்ள பட்டம் விட்டுச் சம்பாதிக்கிறாரு" என்று சொல்லி எல்லோரையும் சிரிக்க வைத்தார். அக்காகூடச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு இன்னும் அவன் நெஞ்சில் முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது. நெட்டை முழுக்க உறிஞ்சுவதும் இந்த மனுஷன்தான் என்று தோன்றியது.

வைஃபை பெட்டியின் பாஸ்வேர்டு அவனுக்குத் தெரியும். அதன் செட்டிங்ஸுக்குள் போனால் வீட்டில் நெட் வாங்கும் கருவிகள் வரிசையாக நின்றன, பேரில்லாமல், வெறும் எண்களாக. மச்சானின் போன் எது? ஒவ்வொன்றுக்கும் நெட்டைக் குறைத்து, கழுத்தை நெரித்துவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டான். முதலாவதுக்குக் கீழே ஒரு சத்தமுமில்லை. இரண்டாவதுக்கு அக்கா முணுமுணுத்தாள்; அதை விடுவித்தான். மூன்றாவதை நெரித்ததும் கீழே மச்சான், "ஹலோ, ஹலோ" என்று கத்தினார். அவன் காதில் தேன் பாய்ந்தது. அந்த எண்ணுக்கு நெட்டை ஒரேயடியாக மூடினான். கத்து ராசா, நல்லாக் கத்து என்று சொல்லிக்கொண்டான். எத்தனை நாள் கடன், இன்றைக்குத்தான் தீர்ந்தது.

ஆனால் திரையில் பதினெட்டரை மணி நேரம் மீதம் நின்றது.

படியில் காலடிச் சத்தம் கேட்டது. செட்டிங்ஸ் பக்கத்தை மாற்றுவதற்குள் மச்சான் வாசலுக்கே வந்துவிட்டார். மேல்மூச்சு வாங்க, என்னவோ சொல்ல வந்த முகம். அவர் கண் திரையிலிருந்த எண் வரிசைமேல் ஒரு கணம் நின்றது. பிறகு நிதானமாகக் கேட்டார்.

"என் போன்ல நெட் போயிடுச்சு. நீ ஏதாவது பண்ணினியா மாப்ள?"

"நான் என்ன பண்ணேன்? உங்க போன் பழசு மச்சான்."

"அப்படியா" என்றார். சொல்ல வந்ததைச் சொல்லாமலே இறங்கிப் போனார். அவர் வாயடைத்துப் போனதில் இவனுக்கு அப்படியொரு திருப்தி.

ஐந்து மணிக்கு மேனேஜர் வந்தார். டிஸ்க்கில் மூன்றில் ஒரு பங்குகூட ஏறவில்லை. நாளைக் காலை கொண்டுவந்து தருவதாக இவன் கெஞ்சினான். இன்று மாலையே தலைமை அலுவலகம் போயாக வேண்டும், சொன்ன நேரத்துக்குத் தராதவரிடம் வேலை வைத்துக்கொள்ள முடியாது என்று மரியாதையாகவே சொல்லிவிட்டு அவர் வண்டியேறினார். இவன் கூடத்திலேயே தொப்பென்று உட்கார்ந்தான்.

மச்சான் நாற்காலியை விட்டு எழுந்தார். வைஃபை பெட்டியிலிருந்து டிஸ்க்கைப் பிடுங்கி, ஒரு சாண் தள்ளியிருந்த சேமிப்புப் பெட்டியிலேயே செருகி, முன்பக்கமிருந்த நகல் பொத்தானை அழுத்தினார். அதன் சின்னத் திரையில் எண் வந்தது: முப்பத்தெட்டு நிமிஷம்.

"உன் படமெல்லாம் காத்துல மாடிக்கு ஏறி, உன் லேப்டாப்பத் தொட்டுட்டு, திரும்பக் காத்துலயே கீழ இறங்கி, பக்கத்துல இருக்கற டிஸ்க்குக்கு வருது" என்றார். "நீ தவிக்கறதப் பாத்து உங்க அக்கா பொறுக்கமாட்டாம கேக்கச் சொன்னா. ஆபீஸுக்கெல்லாம் கேபிள் போடற என் கூட்டாளிக்கு வீடியோ கால் போட்டு, ஒவ்வொரு ஒயரா காட்டிக் கேட்டேன். அவன் சொல்லி முடிச்சான், லைன் கட்டாச்சு. அதச் சொல்லத்தான் மேல வந்தேன்."



"அப்பவே சொல்லியிருக்கலாமே மச்சான். மணி ரெண்டுகூட ஆகலையே."

"சொல்லியிருக்கலாம்" என்றார் மச்சான். "நீயும் ஆமான்னு ஒத்துக்கிட்டிருக்கலாம்."