கினிப் புல்லில் வந்த புழு

மிளகு பறிக்க ஏறிய ஏணியிலிருந்து விழுந்து கால் முறிந்த நாள் முதல் கிறிஸ்டியன் யாரோடும் முகம்கொடுத்துப் பேசுவதில்லை. பலாபத்வலையில், தன் வீட்டு ஜன்னலோரக் கட்டிலில் மாவுக்கட்டோடு கிடந்தான்.

ஒரு காலையில் மனைவி ரொஷானி ஆடுகளுக்கு அறுத்த கினிப் புல்லை ஜன்னலுக்கு வெளியே போட்டாள். அதில் ஓர் இலை மட்டும் குழல்போலச் சுருண்டிருந்தது.

"அந்த எலைய எடு, ரொஷானி."

வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். இலையின் இரு ஓரங்களையும் மெல்லிய வெள்ளை நூல்கள் இழுத்துக் கட்டியிருந்தன. உள்ளே ஒரு பச்சைப் புழு.

"சீ, வீசுங்க!"

"இருக்கட்டும். ஜாம் போத்தல் ஒன்னு தா."

பின்னேரம் போத்தலில் 'டிக்' என்று ஏதோ பட்டது. உற்றுப் பார்த்தான். புழு தன் பின்புறத்தைக் குழலின் வாயில் வைத்து எச்சத்தைச் சுண்டி எறிந்தது. அது எதிர்ப்பக்கக் கண்ணாடியில் போய் மோதியது.

"ஏய், ஓடி வா! வீட்டுக்குள்ள குப்ப சேராம வெளிய எறியுது!"

ரொஷானி மாவு ஒட்டிய கையோடு ஓடி வந்தாள். அடுத்த எறிக்காக இருவரும் மூச்சுவிடாமல் காத்திருந்தார்கள்.

புதுப் புல் வைத்ததும் அது வேறு வீடு கட்டியது. தலையை இப்படியும் அப்படியும் ஆட்டி ஓரத்துக்கு ஓரம் நூல் போட்டது. நூல் இறுக இறுக, இலை தானாக வளைந்தது.

"ஊசியும் இல்ல, கையும் இல்ல. எப்படிங்க?" என்றாள் ரொஷானி.

பிறகு அசைவு நின்றது. செத்துவிட்டதென்று கிறிஸ்டியன் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. ஆனாலும் போத்தலை எறிய மனம் வரவில்லை.

ஒரு காலையில் குழலிலிருந்து கசங்கிய சிறகோடு ஒரு வண்ணத்துப்பூச்சி ஊர்ந்து வந்தது. பார்த்திருக்கவே சிறகு விரிந்தது. பழுப்பு நிறம், செம்மஞ்சள் புள்ளிகள், தடித்த உடம்பு, பெரிய கறுப்புக் கண்கள். விரலை நீட்டினான். ஏறிக்கொண்டு, சுருட்டிய நாக்கை நீட்டி அவன் வியர்வையைக் குடித்தது. அவன் கண் கலங்கியது.

திடீரென்று விரல் வெறுமையானது.

"எந்தப் பக்கம் போச்சு?"

"தெரியலிங்க. கண்ணால புடிக்க முடியல."

ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு முதல் தடவையாக அவன் வாசல் தாண்டினான். வேலிக்கப்பால் மலைச்சரிவு முழுக்கப் புல் காற்றில் புரண்டது. குனிந்தான். இதோ ஒரு சுருட்டிய இலை. அங்கே இன்னொன்று.

"இத்தன நாளா இதுக்கு மேலதான் நடந்துக்கிட்டு இருந்தோமா?"

ரொஷானி புல் அறுக்கக் கொண்டுவந்த கத்தியைக் கீழே வைத்துவிட்டு அவனருகில் புல்லில் உட்கார்ந்தாள்.