டைரக்டரியின் ஓரம்

பவுசியா அட்டை ஒட்டத்தான் அந்தப் புத்தகத்தை எடுத்தாள். பசைக்கிண்ணத்தைத் தொடுவதற்கு முன் இன்னொரு தடவை பார்த்துவிடலாமே என்று ஆசை வந்தது. முன்பக்க ஓரத்தைக் கட்டைவிரலால் வளைத்துத் தாள்களை விறுவிறுவென்று நழுவவிட்டாள். பக்கத்தின் அடியில் நின்ற இரட்டைச்சடைச் சிறுமி கொஞ்சம் கொஞ்சமாகத் தலையை உயர்த்தினாள். அவள் அண்ணாந்து பார்த்த இடத்தில் எதுவும் இல்லை. கம்பத்தைக் காணோம். கம்பத்தில் ஏறுகிற ஆளையும் காணோம்.

முதலில் விளங்கவில்லை. மறுபடி ஓட்டினாள். பிறகு ஓரத்தைத் தடவிப் பார்த்தாள். கத்தி போன ஓரம் கண்ணாடிபோல் வழுவழுவென்றிருந்தது. அப்படியே கட்டிங் மெஷின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

அது ஒரு பழைய டெலிபோன் டைரக்டரி. ஆலங்குடியில் லைன்மேனாக இருக்கும் கண்ணுசாமி போன வாரம் அதைத் துண்டில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். டைரக்டரிக்கு யாராவது பைண்டிங் போடுவார்களா என்று பவுசியா சிரித்துக்கொண்டேதான் வாங்கினாள். அவர் ஓரத்தைப் பிடித்து ஓட்டிக் காட்டினார். பென்சில் கம்பம் ஒன்று பக்கத்தின் விளிம்பை ஒட்டி நெட்டுக்குத்தலாக நின்றது. காக்கிச் சட்டைக்காரர் ஒருவர் தாளுக்குத் தாள் அதில் ஏறினார். கீழே ஒரு பெண்பிள்ளை அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். உச்சிக்குப் போனதும் அவர் ஒரு கையை விட்டு அவளுக்கு ஆட்டினார். அவ்வளவுதான், தாள் முடிந்துவிடும். வரைந்தது கண்ணுசாமியின் மகள் அன்புமொழி. எட்டாவது படிக்கும்போது பள்ளிக்கூட லீவு முழுக்க உட்கார்ந்து வரைந்தாளாம். போன மழைக்காலத்துக் காய்ச்சலில் அவள் போய்விட்டாள். ஓட்டி ஓட்டித் தையல் விட்டுப்போய்த் தாள் உதிரத் தொடங்கியதால்தான் இங்கே கொண்டுவந்தார். ஓரத்தில் கத்தி படக்கூடாது என்று அவர் சொன்னார். அதைச் சொல்லவும் வேண்டுமா என்று இவள் சொன்னாள்.

உண்மையில் சொல்ல வேண்டியதில்லைதான். கீழராஜ வீதிக்குப் பின்சந்தில் இருக்கும் அவள் கடையில், விநோதமான புத்தகங்களுக்கென்றே ஒரு தட்டு உண்டு. அச்சுக்கோளாறில் பாதி தலைகீழாகப் போன சமையல் புத்தகம், தீப்பெட்டிக்குள் அடங்கும் கிதாபு, துணியில் அச்சடித்த குழந்தைப் பாடப்புத்தகம். இதையெல்லாம் எந்தப் பைத்தியம் வாங்கும் என்று ஷார்ஜாவிலிருந்து லீவில் வரும்போதெல்லாம் தம்பி வாஜித் கேட்பான். அந்தத் தட்டில் இருப்பது எதுவும் இந்த டைரக்டரிக்கு ஈடாகாது என்று அவளுக்குத் தோன்றியிருந்தது. சேர்த்து மடித்த தாள்களைப் பாரம் பாரமாகப் பிரித்து, கிழிந்த இடத்தில் மெல்லிய தாள் ஒட்டி, கையாலேயே தைத்தாள். வேலைக்கு நடுவில் எத்தனை முறை ஓட்டிப் பார்த்தாளோ. இன்று காலை காலேஜ் பிள்ளைகளின் ப்ராஜெக்ட் கட்டு வந்து குவிந்தது. மதியத்துக்குள் வேண்டும் என்று வாசலிலேயே நின்றார்கள். ஒவ்வொன்றாக எடுத்து மெஷினில் வைத்து அழுத்தி வெட்டித் தள்ளினாள். அந்த அடுக்கில்தான் இதுவும் இருந்திருக்கிறது. கை எடுத்தது, கை வைத்தது, கை வெட்டியது. அவள் பார்க்கவே இல்லை.

வெட்டுத்துண்டெல்லாம் மூலைச் சாக்கில் கிடக்கும் என்று ஓடினாள். சாக்கு காலியாக மடித்து வைக்கப்பட்டிருந்தது. மத்தியானம் பழைய பேப்பர் கடை இன்னாசியின் வண்டி வந்து போனது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

திருக்கோகர்ணம் ரோட்டில் இருந்த குடோனுக்கு ஆட்டோ பிடித்துப் போனாள். சாக்கில் வந்ததையெல்லாம் அப்போதே அழுத்திக் கம்பி போட்டுக் கட்டிவிட்டார்கள். பேப்பர் மில் லாரி வாசலில் நின்றது. ஏற்றிய கட்டை இறக்க முடியாது, எந்தக் கட்டில் போனது என்றும் தெரியாது என்று இன்னாசி கையை விரித்தார். பவுசியா விஷயத்தைச் சொன்னாள். சொல்லும்போது அழக்கூடாது என்று நினைத்திருந்தாள், முடியவில்லை. இன்னாசி லாரிக்காரரைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், பிறகு உள்ளே போய்க் கம்பி வெட்டுகிற கட்டரோடு வந்தார்.

"மஞ்சப் பேப்பராத்தானம்மா இருக்கும்? வெள்ளையில தனியாத் தெரியும். தேடுவோம்."

தெரியத்தான் செய்தது. ஆனால் அழுத்திய அழுத்தில் பாதி நைந்திருந்தது. லாரியிலிருந்து இறக்கிய கட்டுகளைப் பிரித்ததும் காற்று வேறு கிளம்பி, இழை இழையாகக் குடோன் முழுக்கப் பறந்தது. பவுசியா துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக்கொண்டு மண்டியிட்டுத் தவழ்ந்தாள். ஒரு துண்டில் காக்கிச் சட்டையின் முதுகு கிடைத்தது. ஒன்றில் கம்பத்தைக் கட்டிப்பிடித்த கால். கடைசித் தாள் ஒன்றாவது கிடைத்துவிடாதா, அந்தக் கையாட்டல் மட்டுமாவது கிடைத்துவிடாதா, அல்லாவே என்று வாய் முணுமுணுத்துக்கொண்டே இருந்தது. லாரிக்காரர் ஹாரன் அடித்தார். வெளிச்சம் மங்கும்போது ஒரு பிளாஸ்டிக் பைக்குள் அடங்குகிற அளவு சேர்ந்திருந்தது. கையாட்டல் அதில் இல்லை.

மறுநாள் கடை திறக்கும்போதே கண்ணுசாமி வாசலில் நின்றார். டூட்டிக்கு முன்னால் வாங்கிப் போக வந்தேன் என்றார். பவுசியா எதையும் மறைக்கவில்லை. கத்தி வைத்தது, சாக்கு போனது, குடோனில் தேடியது எல்லாவற்றையும் தலையைக் குனிந்தபடியே சொல்லி முடித்தாள். அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தாள். திட்டினால் நன்றாயிருக்கும் என்றுகூட நினைத்தாள். அவர் புத்தகத்தை வாங்கி ஓட்டினார். சிறுமி தலையை உயர்த்தினாள்.

"இதுல நான் எங்க தங்கச்சி?" என்றார்.

அவள் பிளாஸ்டிக் பையை நீட்டினாள். அவர் உள்ளே கைவிட்டு ஒரு துண்டை எடுத்து, வெளிச்சத்தில் பிடித்து, திரும்ப அதே இடத்தில் வைத்தார்.

"அவ ஆத்தா காலையில எந்திரிச்சதும் இத ஒருக்கா ஓட்டிப் பாக்கும். அப்பறந்தான் அடுப்பு. ஒரு வாரமா அடுப்புப் பத்த வைக்கல. இன்னைக்கு வந்துரும்னு சொல்லிட்டு வந்திருக்கேன்."

நானும் கூட வந்து அக்காவிடம் சொல்கிறேன் என்றாள் பவுசியா. அவர் வேண்டாம் என்று தலையசைத்தார். புத்தகத்தை விட்டுவிட்டுப் போங்கள், கிடைத்ததையெல்லாம் ஒவ்வொன்றாகப் பொருத்தி ஒட்டித் தருகிறேன், எத்தனை மாசம் ஆனாலும் ஒட்டித் தருகிறேன் என்று கெஞ்சினாள்.

"இல்ல தங்கச்சி. மறுபடியும் ஒங்க கையில குடுத்துட்டு என்னால வெறுங்கையோட போக முடியாது."

அவர் அதைக் கோபத்தில் சொல்லவில்லை. அவர் டைரக்டரியைத் துண்டில் சுற்றி, பையைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு இறங்கி நடந்தார். கடையைப் பூட்டாமலேயே பவுசியா பின்னால் போனாள். என்ன சொல்லப்போகிறோம் என்று அவளுக்குத் தெரியவில்லை. பஸ் ஸ்டாண்டு வரைக்கும் அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

ஆலங்குடி பஸ்ஸில் அவருக்கு ஜன்னலோரம் இடம் கிடைத்தது. உட்கார்ந்ததும் கண்ணாடியை இழுத்து மூடினார். பஸ் நிறைந்து வழிந்தது. வெக்கையில் பின்சீட்டு அம்மாள் முந்தானையால் விசிறிக்கொண்டு, ஜன்னலைத் திறக்கச் சொல்லி அவர் தோளைத் தட்டினாள். அவர் மடியில் பையை விரித்து வைத்திருந்தார். இரண்டு உள்ளங்கைகளையும் அதன் மேல் கவிழ்த்து, நெற்றி வியர்வை மூக்கில் இறங்குவதைக்கூடத் துடைக்காமல் இருந்தார். கீழே வெயிலில் நின்ற பவுசியா கண்ணாடியில் விரலை வைத்தாள். பஸ் நகர்ந்தது. விரலில் காய்ந்திருந்த பசை வியர்வையில் இளகிக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு அவரோடு போனது.