ஆடு இழுத்த மூச்சு

மூச்சுக் கருவியை முதன்முதலாகப் பொருத்திய ஆடு, கல்குவாரிப் பக்கமே போகாத ஆடு, கல்தூளை மூச்சாக வெளியே விட்டது. மனிதருக்குக் கொடுப்பதற்கு முன் கருவியை ஆட்டில் சோதிப்பதுதான் அந்தச் சோதனைக்கூடத்தின் வேலை. மயக்கத்தில் ஆடு மேசைமேல் கிடக்கும். கருவி அதன் நெஞ்சுக்குள் காற்றைத் தள்ளி எடுக்கும். குழாயில் வைத்த வெள்ளை வடிகட்டியை மாலையில் தட்டினால் ஒரு கரண்டித் தூள் விழும். கால்நடை டாக்டர், கூடம் கழுவும் பெண்ணின் மேல் பாய்ந்தார். “துடைப்பத்த உள்ள கொண்டு வராதேன்னு எத்தன தடவம்மா சொல்றது?” “ஈரத்துணி போட்டுத்தான் சார் துடைக்கிறேன். வேணும்னா தரைய நக்கிப் பாருங்க.”

அவள் புருஷன் கல்லுடைப்பவர். நெஞ்சில் தூள் இறுகிப்போய், பல வருஷமாகச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்கியவர், ஆட்டுக்குக் கருவி பொருத்திய அன்று கால்களை நீட்டிப் படுத்துக் குறட்டை விட்டார். குழாய் மாற்றக் கருவியை நிறுத்தும்போதெல்லாம் வீட்டில் அவர் உதடு நீலமாகும். நாத்தனார் போனில் அலறுவாள். குழாயை மாட்டியதும் அலறல் அடங்கும். கூடத்தில் போனும் கையுமாக நின்றவளுக்கு விஷயம் விளங்கிவிட்டது.

சோதனை முடிந்தால் ஆட்டைக் கொன்று நுரையீரலை அறுத்துப் பார்ப்பது அங்கே வழக்கம். கத்தித் தட்டு வந்த அன்று அவள் மேசைக்குக் குறுக்கே நின்றாள். “சார், எங்க வீட்டுக்காரரும் அதுலதான் மூச்சு விடுறாரு.” டாக்டர் சிரிக்கவில்லை. கல்தூளுக்கு அவருக்கும் வேறு காரணம் கிடைத்திருக்கவில்லை. வீட்டுக்குப் போன் போடச் சொல்லி, ஆட்டின் நெஞ்சில் விரலால் தட்டினார். “யார்றா அது, என் நெஞ்சுல தட்டுறது?” என்றார் அந்தப் பக்கம் கல்லுடைப்பவர். டாக்டர் கத்தித் தட்டை மூடிவைத்தார். நுரையீரலைப் படம் எடுத்தே பார்த்துக்கொள்ளலாம் என்று மேலதிகாரியிடம் மல்லுக்கட்டிச் சம்மதம் வாங்கினார்.

ஒரு மழைக்காலம் போயிற்று. மயக்கத்திலேயே ஆடு கொஞ்சம் சதை போட்டது. தூள் குறைந்துகொண்டே வந்து, ஒரு நாள் வடிகட்டி புதுசு போலவே இருந்தது. குழாயை எடுத்தாக வேண்டும். அவள் வீட்டுக்குப் போன் போட்டுப் பிடித்துக்கொள்ள, டாக்டர் கருவியை நிறுத்தினார். ஆடு அசையவில்லை. போனிலும் சத்தமில்லை. அவள் கையை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டாள். பிறகு ஆடு தும்மியது. போனிலும் ஒரு தும்மல் கேட்டது. “ஏய், பசிக்குதுடி, எப்ப வருவ?” என்றார் கல்லுடைப்பவர். அவள் அப்படியே தரையில் உட்கார்ந்து சிரித்தாள், அழுதாள்.

கருவி மனிதர்களுக்குப் போனது; பலர் பிழைத்தார்கள். ஆடு அவள் வீட்டுக்கு வந்தது. இப்போது பிள்ளைகள் அதைத் துரத்தினால் தெருவில் யாராவது ஜன்னலைத் திறந்து, “டேய், ஓட விடாதீங்க, மாமாவுக்கு மூச்சு வாங்கும்” என்று அதட்டுவார்கள். பிள்ளைகளும் நின்று, ஆடு இளைப்பாறும் வரை காத்திருந்து, மறுபடி துரத்துவார்கள்.