கதவுக்கு முன்னால் ஒரு சுவர்

எனக்குக் கோபம் வந்தால் கை சும்மா இருக்காது. அன்று காலையில் எல்லாரும் வேலைக்குப் பேர் கொடுக்கப் பெரட்டுக்குப் போய்க்கொண்டிருக்கிறார்கள், பூரணி பள்ளிக்கூடச் சட்டைப் பொத்தானைக்கூடப் போடாமல் அந்த விளையாட்டுப் பெட்டிக்குள் தலையைக் கவிழ்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

"ஏய் பூரணி, ஒன்னயத்தான். காதுல என்னா, பஞ்சா?"

நிமிர்ந்து பார்த்தாள். கடைக்காரர் வெளியூர் ஆளைப் பார்ப்பாரே, அந்தப் பார்வை. வந்தவர் சாமானை வாங்கிக்கொண்டு எப்படியும் போய்விடுவார் என்கிற பார்வை.

நான் அவளைப் பெற்றவள். குவைத்தில் நாலு வருஷம் வீட்டுவேலை பார்த்துவிட்டு மூன்று மாதத்துக்கு முன்னால்தான் பொகவந்தலாவைத் தேயிலைத் தோட்டத்துக்குத் திரும்பினேன். அதுவரை என் புருஷனின் அக்கா மீனம்மா மதினிதான் எங்கள் வரிசை வீடுகளில் பக்கத்துக் காம்பிராவில் வைத்து அவளை வளர்த்தார். புருஷனுக்குக் கொழும்பில் கடை வேலை. நான் வந்த நாளிலிருந்து பூரணி என்னை ஒரு தடவைகூட 'அம்மா' என்று கூப்பிடவில்லை. "இந்தாங்க" என்பாள். இல்லாவிட்டால் பக்கத்தில் வந்து நின்று தொண்டையைச் செருமுவாள். அந்த ஒரு சொல்லுக்காக நான் நாய் மாதிரி காத்துக் கிடந்தேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்.

அந்தப் பெட்டியை அனுப்பியதே நான்தான்! குவைத் வீட்டுப் பிள்ளைக்கு அலுத்துப்போனதும் மேடம் என் கையில் கொடுத்தார், ஊருக்கு வந்த ஒருத்தியிடம் கொடுத்தனுப்பினேன். உள்ளங்கை அகலத் திரை, அதில் எழுத ஒரு குச்சி. நாம் ஒரு ஆளை வரைந்தால் அந்த ஆள் எழுந்து நடக்கும். பள்ளம் வந்தால் பாலம் வரைய வேண்டும், மேடு வந்தால் ஏணி வரைய வேண்டும். இதெல்லாம் அதை வாங்கும்போது மேடம் சொல்லித் தெரிந்தது. பூரணி எனக்கு ஒரு நாளும் காட்டியதில்லை. நான் பக்கத்தில் போனால் திரையை நெஞ்சோடு அணைத்துக்கொள்வாள்.

அன்று பிடுங்கிவிட்டேன். வீட்டில் வைத்தால் மதினி இரக்கப்பட்டு எடுத்துக் கொடுத்துவிடுவார். அதனால் ஒரு பொலித்தீன் பையில் சுற்றி, கொழுந்து போடும் சாக்கின் அடியில் செருகிக்கொண்டு மலைக்குப் போய்விட்டேன். பூரணி அழவில்லை. வாசல் திண்ணை இஸ்தோப்பில் நின்று, நான் வளைவில் மறையும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

மழையும் இல்லை, வெயிலும் இல்லை, அட்டைக்கு மட்டும் குறைச்சலில்லை. கை கொழுந்தைக் கிள்ளியது, மனசு எங்கெங்கோ போனது. இங்கே குவைத் காசில் எழுப்பிய புது வீடு கூரை இல்லாமல் நிற்கிறது. அங்கே வேலைக்கு ஆள் கேட்கிறார்கள். போகலாமா? போகத்தான் வேண்டுமா? கட்டிலுக்கடியில் என் சிவப்புப் பெட்டி இன்னும் பாதி பிரிக்காமலே கிடந்தது. இரவில் அதன் பக்கம் திரும்பிப் படுத்தாலும் தூக்கம் வராது, இந்தப் பக்கம் திரும்பினாலும் வராது.

மத்தியானம் கொழுந்து நிறுக்கும் இடத்தில் என் முறை வந்தபோது இடுப்பில் போன் அடித்தது. ஏஜென்சிக்கு ஆள் பிடித்துக் கொடுக்கும் சின்னராசா அண்ணன்.

"என்னா தங்கச்சி, முடிவு பண்ணியா? அவங்க அவசரப்படுறாங்க."

"ரெண்டு நாள் குடுங்கண்ணே."

"ரெண்டு நாளெல்லாம் இல்ல. பின்னேரம் எடுப்பேன். ஆமாவா இல்லையான்னு சொல்லிரு."

பேசி முடித்துத் திரும்பினால் என் சாக்கு வெறுமையாக என் காலடியில் கிடக்கிறது. கொழுந்தை லொறிச் சாக்கில் கொட்டிவிட்டார்கள், லொறியும் புறப்பட்டுவிட்டது. வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு விளையாட்டுப் பெட்டியையும் கொழுந்தோடு சேர்த்து நிறுத்து எழுதியிருக்கிறார், மனுஷன்!

எனக்கு உயிரே போய்விட்டது. பள்ளிக்கூடம் விடுவதற்குள் அது வீட்டில் இருந்தாக வேண்டும். இல்லாவிட்டால் செருமுவதையும் நிறுத்திவிடுவாள்.

"அவசரமா இஸ்டோருக்குப் போகணுங்க ஐயா," என்றேன் கண்டாக்கிடம். தேயிலை அரைக்கும் ஃபேக்டரியை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்.

"போனா அரைப்பேர்தான்!" என்று அவர் கத்தினார். பாதி நாள் சம்பளம் போனால் போகட்டும் என்று குறுக்குப் பாதையில் இறங்கி ஓடினேன்.

மேல்மாடியில், கொழுந்து வாடப் போடும் நீளத் தொட்டியில் சுதாகரன் தம்பி சாக்குகளைக் கொட்டிப் பரப்பிக்கொண்டிருந்தான். என்னைக் கண்டதும் பொலித்தீன் பையைத் தூக்கிக் காட்டிச் சிரித்தான்.

"ஒங்களதாக்கா? நல்லவேள, நான் பாத்தேன். இல்லாட்டி இதையும் அரைச்சு வெள்ளக்காரனுக்கு அனுப்பியிருப்போம்."

"வாய மூடு தம்பி. வேல செய்யுதான்னு பாரு."

அவன் பொத்தானை அமுக்கினான். திரை ஒளிர்ந்தது. கோணல்மாணலாக ஒரு பெண். கையில் சிவப்பாக ஏதோ சதுரம். பாலமெல்லாம் தாண்டிக் கடைசிவரை வந்துவிட்டாள். அங்கே ஒரு கதவு. கதவுக்கு முன்னால் கறுப்பாக, தடியாக ஒரு சுவர். குச்சியால் திரும்பத் திரும்பத் தேய்த்து வரைந்த சுவர்.

"கதவுக்குள்ள போனாத்தானே அடுத்த கட்டம்," என்றான் சுதாகரன். "பாப்பாவுக்கு வெளங்கல போல. வழிய அதுவே அடைச்சு வச்சிருக்கு."

அடடா, இத்தனை மாதமாகப் பிள்ளை இதில்தான் முட்டிக்கொண்டு கிடந்தாளா? காலையில் பிடுங்கியதற்கு இதுவே பரிகாரம் என்று தோன்றியது. அழிப்பது எப்படி என்று கேட்டு, நானே சுவரைத் தேய்த்து அழித்தேன். கோணல் பெண்ணைத் தள்ளிக்கொண்டுபோய்க் கதவுக்குள் விட்டேன். கொட்டுமேளம் போல ஒரு சத்தம் வந்தது. அடுத்த கட்டத்துக்குப் புது ஆளை வரையச் சொல்லி வெள்ளைத் திரை விரிந்தது. எனக்கு ஒரே பெருமை.

பூரணி பள்ளிக்கூடப் பையோடு வீட்டுக்குள் வந்தபோது பெட்டியை நீட்டினேன்.

"இந்தா. ஒனக்காக அம்மா ஜெயிச்சுக் குடுத்திருக்கேன்."

வாங்கிப் பார்த்தாள். வெள்ளைத் திரையைப் பார்த்தாள். முன்னே தட்டினாள், பின்னே தட்டினாள்.

"அம்மா எங்க?"

"நான் இங்கதானே இருக்கேன்?"

"நீங்க இல்ல. இதுல இருந்த அம்மா. செவத்தப் பெட்டி வச்சிருந்த அம்மா." வெள்ளைத் திரையை என் முகத்துக்கு நேராக நீட்டினாள். "கதவுக்குள்ள விட்டுட்டீங்களா? ஏன் விட்டீங்க? அதுக்கு அந்தப் பக்கம் ஏர்போட். போனா வர மாட்டாங்க. அதுக்குத்தானே செவரு கட்டி வச்சேன்!"

அப்படியே உட்கார்ந்துவிட்டேன். பிள்ளைக்கு விளங்காமல் இல்லை. மூன்று மாதமாக விளங்காமல் இருந்தது எனக்குத்தான்.

"வேற வரையலாம் தங்கம்," என்றேன்.

"அதுவும் போயிரும். நீங்களும் போறீங்கதானே? போன்ல பேசுறது கேக்குது. பெட்டியக்கூட இன்னும் பிரிக்கல."

என் கண் தானாகக் கட்டில் பக்கம் போனதைப் பார்த்தாள். விசுக்கென்று திரும்பி, அதன் அடியில் குனிந்து என் சிவப்புப் பெட்டியை இழுத்தாள். அவளைவிட அது கனம். பல்லைக் கடித்துக்கொண்டு தரையில் தேய்த்து வாசல்வரை கொண்டுபோனாள். கதவைச் சாத்திக் கொண்டி போட்டாள். பெட்டியைக் கதவோடு சேர்த்துத் தள்ளி, அதன்மேல் ஏறி உட்கார்ந்து என்னை முறைத்தாள்.

சுவர். வேறொன்றும் இல்லை, அதே சுவர்தான்.

போன் அடித்தது.

"சொல்லு தங்கச்சி, ஆமாவா, இல்லையா?"

கூரை இல்லாத வீடு கண்ணுக்குள் வந்தது. அது நனையட்டும்.

"நான் வரலண்ணே."

"என்னாம்மா இது, திடீர்னு? மத்தியானம் நல்லாத்தானே பேசுன?"

"வாசல அடைச்சிட்டாங்கண்ணே. வெளிய வர முடியாது."

அவர் இன்னும் ஏதோ கேட்டார். நான் வைத்துவிட்டேன். பூரணி பெட்டியை விட்டு இறங்கவில்லை. மூக்கைப் புறங்கையால் துடைத்துக்கொண்டாள். நான் எழுந்து போக மாட்டேன் என்று நிச்சயமான பிறகுதான் வாயைத் திறந்தாள்.

"அம்மா, பசிக்குது. ரொட்டி சுடும்மா."

நான் மாவை எடுத்துப் பிசைய உட்கார்ந்தேன். அவளையே பார்த்துக்கொண்டு ஊற்றியதில் தண்ணீர் கூடிப்போய்விட்டது.