நாத்தனார் சாமான்

ஓட்டலில் அவளை எல்லோரும் மேடம் என்றுதான் கூப்பிடுவார்கள். அறைகளைச் சுத்தம் செய்யும் பெண்களுக்கும் சலவைப் பிரிவுக்கும் அவள்தான் மேற்பார்வை. படுக்கை விரிப்பில் ஒரு சுருக்கம் கண்ணில் பட்டால் போதும், மொத்தத்தையும் உருவிப் போட்டுவிட்டு, "உன் வீட்டையும் இப்படித்தான் வச்சிருப்பியா?" என்று கேட்பாள்.

அவள் வீடு மாறுகிறாள் என்று தெரிந்ததும், அந்தப் பெண்களில் இருவர் விடுமுறை நாளில் சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றார்கள். ஒருத்தி சிட்டு, மெலிந்த உடம்பு, ஓயாத வாய். இன்னொருத்தி சலவைப் பிரிவுக்காரி, கட்டிலையே ஒற்றை ஆளாக நகர்த்துகிறவள்.

"நாங்க இருக்கும்போது நீங்க தனியா கஷ்டப்படலாமா மேடம்?" என்று செருப்பைக் கழற்றிக்கொண்டே சிட்டு உள்ளே வந்துவிட்டாள்.

மேடத்தின் பார்வை பின்னறைக் கதவுக்குப் போயிற்று. கணவர் முதல் வண்டிச் சாமானோடு புது வீட்டுக்குப் போயிருந்தார். கூடமும் சமையலறையும் காலி. மிச்சம் பின்னறைதான். யாரும் பார்க்காத நேரமாகப் பார்த்து அதைச் சாக்கில் அள்ளிக் கட்டிவிடலாம் என்று தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தாள்.

"எல்லாம் முடிஞ்சிருச்சும்மா. கடையில டீ வாங்கித் தரேன், குடிச்சிட்டு..."

அவள் சொல்லி முடிப்பதற்குள் சலவைப் பிரிவுக்காரி பின்னறைக் கதவைத் தள்ளியிருந்தாள். கதவு பாதிதான் திறந்தது. உள்ளிருந்து ஒரு தெர்மகோல் துண்டு நழுவி அவள் காலடியில் விழுந்தது.

அறை இடுப்பு உயரத்துக்கு நிரம்பியிருந்தது. மூடி இல்லாத டப்பாக்கள், டப்பா இல்லாத மூடிகள், கழுத்து ஒடிந்த மின்விசிறி, கல்லூரிக்குப் போய்விட்ட மகனின் நடைவண்டி, மூட்டை மூட்டையாகத் துணி. ஊரார் அழுக்கை எல்லாம் துடைத்துவிட்டு வீடு திரும்பிய ஒரு சாயங்காலம், மேடம் கையிலிருந்த பையை எங்கே வைப்பது என்று யோசிக்கக்கூடத் தெம்பில்லாமல் அந்த அறைக்குள் வீசினாள். தொடக்கம் அதுதான். அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்றது வருஷக்கணக்கில் அப்புறமாகவே இருந்துவிட்டது.

சிட்டுவும் தலையை நீட்டி எட்டிப் பார்த்தாள்.

"இது எங்க நாத்தனார் சாமான்." யோசிக்குமுன் மேடத்தின் வாயிலிருந்து வார்த்தை வந்து விழுந்துவிட்டது. "வைக்க இடமில்லைன்னு இங்க கொண்டாந்து கொட்டிட்டா. சொந்தமாச்சே, வேண்டாம்னு சொல்ல முடியுமா?"

"அதானே பார்த்தேன்! மேடம் வீட்டுல இப்படியான்னு ஆடிப்போயிட்டேன்" என்றாள் சிட்டு.

"சில பேருக்குக் கொஞ்சம்கூடக் கூசாது" என்றாள் மற்றவள்.

அந்த நேரம் பார்த்தா நாத்தனார் வர வேண்டும்? கணவரின் தங்கை, எல்லோருக்குமாகச் சாப்பாடு எடுத்துக்கொண்டு வாசலில் நின்றிருந்தாள். எப்போதிலிருந்து கேட்டாள் என்று தெரியவில்லை. கேட்ட முகமாகத்தான் இருந்தது.

நாத்தனார் அடுக்குப் பாத்திரத்தை ஜன்னல் திட்டில் வைத்தாள். "ஆமாம்மா, என்னோடதுதான். அண்ணி பாவம், இத்தனை நாள் பொறுத்துக்கிட்டாங்க. வாங்க, ஆளுக்குக் கொஞ்சமா ஒழிச்சிடுவோம்."

அதன்பிறகு எல்லாக் கேள்வியும் நாத்தனாரிடமே போயிற்று. இது வேணுமாக்கா, அது வேணுமாக்கா என்று சிட்டு தூக்கிக் காட்டுவாள். நாத்தனார் ஓரக்கண்ணால் அண்ணியைப் பார்ப்பாள். அண்ணி இமையைத் தாழ்த்தினால், "இருக்கட்டும்." இல்லாவிட்டால், "தூக்கிப் போடு." நடைவண்டியை நாத்தனார் கேட்காமலே துடைத்துத் தனியாக வைத்தாள். அவள் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம் என்று மேடத்துக்குத் தோன்றியது.

ஒரு மூட்டையிலிருந்து உறை பிரிக்காத புடவை வந்தது. "புதுசா இருக்கே! யாருக்கு வாங்கினீங்கக்கா?"

நாத்தனார் அதைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தாள். போன வருஷம் அண்ணிக்கென்று கடை கடையாக ஏறி இறங்கி வாங்கிக் கொடுத்தது.

"ஒருத்தங்களுக்கு வாங்கினேன்" என்றாள். "பிடிக்கலை போல."

சிட்டு சும்மா இருந்திருக்கலாம். "தப்பா நினைக்காதீங்கக்கா. எங்க மேடம்கூட ஒரு வாரம் இருந்து பாருங்க. வீட்டை எப்படி வச்சுக்கணும்னு கத்துக்கலாம்."

"கத்துக்கறேம்மா" என்று நாத்தனார் சிரித்தாள்.

"அவளோடது இல்ல." குரல் தன்னுடையதுதானா என்று மேடத்துக்கே சந்தேகமாக இருந்தது. "எல்லாம் என்னோடது. நான் பொய் சொன்னேன்."

சலவைப் பிரிவுக்காரி ஏற்கெனவே கட்டிய சாக்கின் வாயை அவிழ்த்து மறுபடி கட்டினாள். கொஞ்ச நேரம் கழித்து சிட்டு ஒரு டப்பாவைத் தூக்கி, முகத்தைப் பார்க்காமல், "இது... வேணுமா மேடம்?" என்றாள். மேடத்துக்குக் காது மடல் வரை சுட்டது. "வேண்டாம்" என்றாள் மேடம்.

சமையலறைக்குள் நாத்தனார் கிசுகிசுத்தாள். "எதுக்கு அண்ணி சொன்னீங்க? நான்தான் சமாளிச்சுட்டேன்ல?"

"இன்னிக்கு மட்டும் இல்ல. உன் வீட்டுல உட்காரவே இடமில்லைன்னு ஓட்டல்லயும் சொல்லியிருக்கேன். பல தடவை."

நாத்தனாரின் முகம் அப்போதுதான் மாறியது. "அது எனக்குத் தெரியாது" என்றாள். வந்திருந்த பெண்களுக்குத் தான் கொண்டுவந்த தட்டில் பரிமாறினாள். தான் சாப்பிடவில்லை. அவர்களிடம் மட்டும் சொல்லிக்கொண்டு புறப்பட்டுப் போனாள்.

சாயங்காலம் புது வீட்டில், பிரிக்காத பெட்டிகளுக்கு நடுவே நின்று மேடம் அவளுக்குப் போன் போட்டாள். மணி வெகுநேரம் அடித்தது.

"என்னை மன்னிச்சிரும்மா."

மறுமுனையில் பாத்திரம் கழுவும் சத்தம் நின்றது. "நாளைக்கு வரேன் அண்ணி. அலமாரி எல்லாம் அடுக்கணும்ல?" அப்புறம், "இன்னிக்கு மட்டும் எதுவும் பேச வேண்டாம்" என்றாள்.

"சரி" என்றாள் மேடம். போனை நாத்தனார்தான் முதலில் வைத்தாள்.